ஆற்றுக்கு இறங்கிய காகிதச் சங்கிலி

சந்தியாகு அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் தலையில் பனிக்குச் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு, இடுப்பில் வெட்டுக்கத்தியைச் செருகிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் ஈத்தை வெட்டுவதற்காக என் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

ஈத்தை என்பது மூங்கிலில் மெலிந்த சாதி. அதைப் பிளந்து நட்சத்திரத்துக்குச் சட்டம் கட்டுவார். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளித் தாளில் கிழிந்து கழிந்ததை ஃபேக்டரியிலிருந்து நான் கொண்டுவந்து கொடுப்பேன். அதை மேலே ஒட்டி, எங்கள் சோலையடி எஸ்டேட்டில் இருந்த வேதக்கார வீடுகளுக்கெல்லாம் டிசம்பர் பிறக்கும்போது ஆளுக்கொரு நட்சத்திரம் கட்டித் தருவது அவருடைய வழக்கம். கேட்டவர்களுக்கும் தருவார், கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கும் தருவார்.

"தம்பி, இந்த வருசம் ஒன் வாசலுக்கும் ஒண்ணு கட்டித் தாரேன். கலியாணம் ஆகாதவனுக்குச் சின்னதாப் போதும். பெருசாக் கட்டினா பொண்ணு வீட்டுக்காரன் நீ வசதியான பயன்னு நெனச்சிருவான்."

"என் வசதி அவனுக்குத் தெரியாதா அண்ணே?"

"தெரியும். ஆனா நட்சத்திரத்தப் பாத்தா மனுசனுக்குப் புத்தி கொஞ்சம் மழுங்கும். மூணு ராசாக்களே ஏமாந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போயிருக்காங்க."

தான் சொன்ன சிரிப்புக்குத் தானே முதலில் சிரிக்கிற ஆள் அவர். சிரித்துக்கொண்டே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இறங்கினார். மூடுபனியில் முதலில் அவர் கால்கள் மறைந்தன, பிறகு இடுப்பு, பிறகு சாக்கு, கடைசியில் சிரிப்பு.

மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. நாங்கள் இருந்த இடத்தில் ஒரு துளி விழவில்லை. மத்தியானம் ஆறு மண் நிறத்தில் உறுமிக்கொண்டு வந்து பாறைகளை மூடிவிட்டுப் போனது. வடிந்த பிறகு எஸ்டேட்டே இறங்கித் தேடியது. கத்தி கிடைக்கவில்லை, சாக்கு கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. ஆற்றோடு போனாரா, அக்கரை ஏறி வழி தவறிக் காட்டுக்குள் போனாரா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் லைனில் வீடுகளெல்லாம் ஒரே தகரக் கூரைக்கு அடியில் சுவரோடு சுவராக இருக்கும். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் சம்சாரம் எமரன்சி மதினி அந்தப் பக்கம் தாளிப்பது இந்தப் பக்கம் எனக்குத் தும்மலாக வரும். அந்த வாரம் தும்மல் வரவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டக்கூடாது. கிறிஸ்துமஸ் பஜனை பாடிக்கொண்டு வருகிறவர்களும் அந்த வாசலில் மத்தளத்தை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கடந்து போய்விடுவார்கள். நட்சத்திரம் கட்டினால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம், கட்டாவிட்டால் செத்துவிட்டார் என்று அர்த்தம். மதினி எதைச் செய்வாள் என்று எல்லோரும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பங்குச் சாமியார் பெருவிழா நேரத்தில் மட்டும் மலை ஏறி வருகிற எஸ்டேட் அது. மற்ற நாட்களில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை நடத்துகிற உபதேசியார் பாக்கியநாதர் ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எமரன்சி, கேக்கதுக்கே எனக்கு நாக்குக் கூசுது. சாமியார் வரும்போது நான் ஒண்ணு சொல்லணும். சந்தியாகு திரும்பி வரணும்னு பூசை வைக்கவா, இல்ல ஆத்துமாவுக்குன்னு வைக்கவா?"

"ஆத்துமாவுக்குன்னு வச்சு அவுக நடந்து வந்துட்டா, அந்தப் பூசைய என்ன செய்வீங்க?"

"அதான் ஒன்னயக் கேக்கேன்."

"எனக்கும் தெரியல உபதேசியாரே. நட்சத்திரம் கட்டவும் கை வரல, கட்டாம இருக்கவும் மனசு வரல. சங்கிலி ஒட்டுதேன். அதுக்கு ரெண்டும் வேண்டாம்."

காகிதச் சங்கிலி அவளுடைய பங்கு. கடைக்கார ராவுத்தர் தருகிற பழைய செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கீறி, ஒரு கட்டை மஞ்சள் தண்ணீரிலும் ஒரு கட்டை பீட்ரூட் வேகவைத்த தண்ணீரிலும் ஒரு கட்டைத் துணிக்குப் போடுகிற சொட்டுநீலத்திலும் முக்கி, அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவாள். மைதாவைக் கூழாகக் காய்ச்சி, கரப்பான் தின்னாமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவாள். ஒரு கீற்றை வளைத்து ஒட்டுவாள், அதற்குள் அடுத்த கீற்றை நுழைத்து வளைத்து ஒட்டுவாள். காய்ந்த பிறகும் சாயத்துக்கு அடியில் எழுத்து தெரியும். பொட்டலத் தாள்களைப் படித்தே படிப்பை முடித்தவன் நான். அந்தச் சங்கிலியில் மஞ்சளாக ஒரு மழை அறிவிப்பும் நீலமாக ஒரு கொலை வழக்கும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதை வருஷா வருஷம் நின்று படித்திருக்கிறேன்.

துக்கம் கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் ஆட்கள் வந்து உட்கார்ந்து, சந்தியாகு இப்படிச் செய்தான், சந்தியாகு அப்படிச் சொன்னான் என்று பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மதினியின் மகள், சின்னப் பிள்ளை ஜெனோவா, தரையில் கிடந்த சங்கிலியைக் காட்டி, "அம்மா, நீ ஒட்டாமயே இது நீளுது" என்றாள்.

மதினி பசைக் கிண்ணத்தை மூடி வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்களுக்கெல்லாம் வாயாடித் தலைவியான பேச்சியம்மா, குனிந்து சங்கிலியின் நுனியைக் கையில் எடுத்தாள்.

"சந்தியாகு" என்றாள். ஒரு மஞ்சள் வளையம் வந்து கோத்துக்கொண்டது.

"சந்தியாகு" என்றாள் மறுபடி. ஒரு சிவப்பு வளையம்.

"கருப்பசாமி" என்று தன் கொழுந்தன் பேரைச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. "அதானே, அவன் பேரச் சொன்னா எது நீளும்" என்றவள், வளையத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "பசை நல்லாப் பிடிச்சிருக்கு. ஏட்டி எமரன்சி, எங்க வீட்டுப் பொங்கலுக்கும் இந்தப் பசைதான் காய்ச்சித் தரணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு சங்கிலி எங்கள் அன்றாடத்தில் ஒன்றாகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் யாராவது அவர் பேரைச் சொன்னால் ஒரு வளையம் வந்தது, தராசுக்கு முன்னால் கொழுந்துக் கூடையோடு நிற்கையில் யாராவது நினைத்துச் சொன்னால் ஒரு வளையம் வந்தது, வீட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தாலும் வந்தது. மதினியின் வீட்டுக் கூரை விளிம்பை நிறைத்துக்கொண்டு சங்கிலி என் வாசலுக்கு வந்தது. நான் ஒரு ஆணி அடித்துத் தாங்கிக் கொடுத்தேன். என்னைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. அவர்கள் துணி காயப்போடுகிற கம்பியைக் கொடுத்தார்கள். வேதக்காரர் வீடு, மாடசாமி கும்பிடுகிறவர் வீடு என்று அது பார்க்கவில்லை. லைன் முடிகிற இடத்தில் தரையில் இறங்கி, தேயிலைச் செடிகளின் தலைமேல் ஏறி, பள்ளம் பார்த்துப் போகத் தொடங்கியது.

பனி அதை நனைக்கவில்லை. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு மயில்துத்தம் இருப்பது தெரிந்து விலகிக்கொண்டன. விடியற்காலையில் யானைக் கூட்டம் ஒன்று அந்தப் பக்கம் வந்து, தாய் யானை தும்பிக்கையால் சங்கிலியைத் தூக்கிப் பிடிக்க, குட்டி அடியில் நுழைந்து போனதைத் தண்ணீர் திறந்துவிடுகிறவன் பார்த்தான். குட்டி போன பிறகு அது இருந்த இடத்திலேயே பதமாக இறக்கி வைக்கப்பட்டது என்றான். கொழுந்தோடு சேர்த்துச் சில வளையங்களையும் பெண்கள் பறித்துக் கூடையில் போட்டுவிட, ஃபேக்டரியில் அது இலையோடு வாடி உருண்டு புளித்துக் காய்ந்து தூளாகிவிட்டது. அந்த வாரத் தூளை ருசி பார்த்த டீமேக்கர் கண்ணை மூடிக்கொண்டு, "யாரையோ ஞாபகம் வருது" என்றார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர்.

கீழ் டிவிஷனில் இன்னொரு சந்தியாகு இருந்தான், டிராக்டர் ஓட்டுகிறவன். அவனுடைய அம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டபோது சங்கிலி அசையவில்லை. யாருடைய பேர் யாருடையது என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவன் பயந்துபோய், "என்னய இனிமே யாரும் பேர் சொல்லாதீங்கப்பா" என்று எல்லோரிடமும் கெஞ்சினான். எல்லோரும் அவனை டிராக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தோம்; அவனுடைய கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் அதுதான் இருந்தது.

எங்கள் லைனின் கடைசி வீட்டுச் சுப்பையா அண்ணாச்சிக்கும் சந்தியாகு அண்ணனுக்கும் ஒரு கோழி விஷயத்தில் வெகு நாளாகப் பேச்சு கிடையாது. சங்கிலி தன் வாசலுக்கு வந்ததைப் பார்த்ததும் அவர் கத்தினார்: "அந்தச் சந்தியாகுப் பய எங்க கோழியத் தின்னுட்டு இப்ப தோரணம் வேற கட்டுதானா?"

ஒரு நீல வளையம் வந்தது.

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் சிரித்தாள். "திட்டினாலும் நீளுது. இன்னும் நாலு திட்டுங்க, புண்ணியமாப் போகும்."

அன்றிலிருந்து அண்ணாச்சி வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து, சந்தியாகு அண்ணனை ஒழுங்காகத் திட்டுவார். கோழியில் தொடங்கி, கோழிக்கு முந்தின காலத்துக்குப் போய், இருவரும் ஒன்றாக மலை ஏறி வந்த லாரியில் தனக்குக் குளிருகிறது என்று சந்தியாகு அண்ணன் தன் போர்வையைப் பாதி கொடுத்தது வரைக்கும் திட்டுவார்; அந்த இடம் வரும்போது மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போய்விடுவார்.

திட்டினால் நீலம், சிரித்தால் மஞ்சள், அழுதால் சிவப்பு என்று சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை, அழுதபோது நான் மஞ்சளைப் பார்த்தேன் என்று வேறு சிலர் சொன்னார்கள். அது கடைசி வரைக்கும் தீரவில்லை.

எஸ்டேட் மேனேஜர் துரை ஜீப்பில் வந்து இறங்கி, செடிகளுக்கு மேலே கிடந்ததைக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். "என்ன இது?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டார்.

"கிறிஸ்துமஸ் தோரணம் சார். சந்தியாகுக்காக."

"யார் சந்தியாகு?"

அந்தக் கேள்விக்கும் ஒரு வளையம் வந்தது. தமிழ் சரியாகத் திரும்பாத வாயிலிருந்து வந்ததால் சற்றுக் கோணல். துரை அதைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், கவாத்து வெட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த மலைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சங்கிலி எங்கே போகிறது என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அது ஆற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவரைத் தேடிப் போகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அதற்கு உதவி செய்யத் தொடங்கினார்கள். நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவர் பேரைக் கைமாற்றி விட்டார்கள். ராவுத்தர் கடை திறக்கும்போது ஒரு தடவை, மூடும்போது ஒரு தடவை சொன்னார். சந்தியாகு அட்டைப்பூச்சியைக் காலிலிருந்து பிய்க்கும்போதுகூட "போ தாயி, நிறையக் குடிச்சிட்ட" என்று சொல்லித்தான் விடுவான், சந்தியாகு காலை ஆஜருக்கு நின்றபடியே தூங்குவான், சந்தியாகு தேங்காய் உடைத்தால் ஒருபோதும் நடுவில் உடையாது என்று உள்ள கதைகளெல்லாம் சொல்லித் தீர்ந்து, பிறகு இல்லாத கதைகளைச் சொன்னார்கள், அவையும் தீர்ந்து வெறும் பேரை மட்டும் சொன்னார்கள். வெறும் பேரைச் சொல்வது சரியா என்று உபதேசியாரிடம் கேட்டபோது, "புனிதர் பிரார்த்தனை மாலையில வேற என்ன செய்யுதோம்? பேரத்தானே சொல்லுதோம்" என்றார். மாடசாமி கோயில் பூசாரியும் தலையாட்டி, அர்ச்சனையும் அதுதான் என்றார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது சங்கிலி ஆற்றங்கரைக்குப் போய், தண்ணீர் தொடுகிற கரும்பாறைக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றுவிட்டது.

சொன்னார்கள், வரவில்லை. பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், வரவில்லை. சுப்பையா அண்ணாச்சி ஆற்றங்கரைக்கே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் திட்டிப் பார்த்தார். டிராக்டர் தன் பேரைத் தானே சொல்வதுபோல இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். ஒன்றும் அசையவில்லை. எஸ்டேட்டில் உள்ள வாயெல்லாம் ஓய்ந்தபோது, பேச்சியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"சொல்ல வேண்டியவ இன்னும் சொல்லல."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மதினிதான் முதலில் சொல்லியிருப்பாள், சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு நீளம் என்று நாங்களெல்லாம் ஒரு யோசனையும் இல்லாமல் நம்பிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எங்கள் பெண்கள் யாருமே புருஷன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தாய்மார் கல்யாணத்துக்கு முந்தின நாளே வாயில் பூட்டுப் போட்டு அனுப்புவார்கள். அதிலும் எமரன்சி மதினி கெட்டிக்காரி. கோயிலில் வாக்குக் கொடுக்கும்போது பெண்ணும் மாப்பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று எங்கள் சடங்கில் இருக்கிறது. அவள் அந்த இடம் வந்ததும் நன்றாக இருமினாள். சாமியார் உபதேசியாரைப் பார்த்தார், உபதேசியார் கூரையைப் பார்த்தார், அந்த இருமலையே பேராக வைத்துக் கல்யாணத்தை முடித்தார்கள்.

பேச்சியம்மா அவளிடம் போய்ச் சொன்னபோது நானும் இருந்தேன். பழக்கதோஷத்தில் ஃபேக்டரியிலிருந்து வெள்ளித் தாள் கொண்டுவந்து கொடுக்கப் போயிருந்தேன்.

"மாட்டேன்" என்றாள் மதினி.

"ஏட்டி, ஒரு தடவதான்."

"அவுக எங்கயோ காட்டுக்குள்ள கால ஒடிச்சிக்கிட்டுக் கெடந்தா? நான் இங்க பேரச் சொல்ல, அங்க உசுரு போனா? நீங்க எல்லாரும் சொல்லலாம் அக்கா. நான் சொன்னா அவுக செத்துட்டாகன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

"இப்படியே எத்தன நாளைக்கு இருப்ப? தாலியத் தொட்டுப் பாத்துக்கிட்டே?"

"நாள் எண்ணினாத்தானே எத்தனன்னு தெரியும். நான் எண்ணல."

அவள் அழவில்லை. அடுப்பில் பசை அடிப்பிடித்துவிட்டது. அதை இறக்கி வைத்துக் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளைக்கு முந்தின நாள், காலையில், நல்ல வெயில். ஜெனோவா வாசலில் தொங்கின சங்கிலியைத் தொட்டபடி நின்றுகொண்டிருந்தாள். "அம்மா" என்றாள், "அப்பா எங்கயோ இருந்து, எல்லாரும் கூப்புடுறாங்க, நீ மட்டும் ஏன் கூப்புடலன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாகளோ? அதான் வரலியோ?"

மதினி கையைக் கழுவினாள். மகளைக் கூட்டிக்கொண்டு, சங்கிலி போன வழியிலேயே தேயிலைக்குள் இறங்கினாள். அவள் இறங்குவதைப் பார்த்து மேல்மலையில் பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். ராவுத்தர் கடையைச் சாத்தினார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனாலும் எல்லோரும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்து, கொஞ்ச தூரத்திலேயே நின்றுகொண்டோம்.

அவள் கரும்பாறையில் ஏறி நின்றாள்.

"இந்தாருங்க" என்றாள். சங்கிலி அசையவில்லை.

"ஜெனோவா அப்பா" என்றாள். அசையவில்லை.

பிறகு, அடுத்த வீட்டுக்காரி செருப்பில் காலை நுழைத்துப் பார்ப்பதுபோல மெதுவாக, "சந்தியாகு" என்றாள்.

ஒரு வளையம் வந்தது. எந்தச் சாயமும் ஏறாத வெள்ளை.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து நாக்குக்கு அடியில் வைத்திருந்த பேர் அது. ஒன்று வெளியே வந்ததும் மீதியை அவளால் பிடித்து வைக்க முடியவில்லை. "சந்தியாகு, சோறு ஆறுது. சந்தியாகு, ஈரத் துண்டத் தோள்ல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதது. சந்தியாகு, பிள்ளைக்குப் பல்லு விழுந்துருச்சு, கூரை மேல எறிய ஆளில்ல. சந்தியாகு, நீங்க சொல்ற சிரிப்பு எனக்கு அன்னைக்கிப் புரியாது, மறுநாள் தண்ணி எடுக்கும்போதுதான் புரியும், தனியாச் சிரிப்பேன், ஒங்ககிட்டச் சொன்னதில்ல. சந்தியாகு, நான் கூப்புட்டா ஆயுசு போயிரும்னு சொன்னாங்க. கூப்புடாமலே இருந்தேனே. சந்தியாகு, எங்க இருக்கீங்க? சந்தியாகு!" என்று அவள் சொல்லச் சொல்ல, வெள்ளை வளையங்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கி, கண்ணால் தொடர முடியாத வேகத்தில் ஆற்று வளைவைத் தாண்டி ஓடின. ஓடி, ஓரிடத்தில் நின்றன. சங்கிலி மெல்ல இறுகியது. யாரோ மறுமுனையைக் கையில் வாங்கிக்கொண்டதைப் போல.

அவள் பேச்சை நிறுத்தினாள்.

சுப்பையா அண்ணாச்சியும் டிராக்டரும் நானும் சங்கிலியை விடாமல் பார்த்தபடியே கரையோரமாகப் போனோம். வளைவுக்கு அப்பால், நாங்கள் பல தடவை தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிய மடுவில், நாவல் மரத்து வேர்களுக்கு அடியில், அவர் இருந்தார். முகம் என் வாசலைக் கடந்து போனபோது இருந்தபடியே இருந்தது. சங்கிலி அவர் மணிக்கட்டைச் சுற்றி ஒரு தடவை வளைந்து, தன்னையே கோத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அவரைத் தூக்கியபோதுதான் அது முதல் தடவையாக நனைந்தது. அந்த வெள்ளை முனை சாதாரணக் காகிதத்தைப் போல ஊறி எங்கள் கையிலேயே கரைந்து போயிற்று.

கரையில் கிடத்தினோம். மதினி குனிந்து பார்த்து, நெற்றியில் ஒட்டியிருந்த இலையை எடுத்துவிட்டு, "அவுகதான்" என்றாள்.

கிறிஸ்துமஸ் பூசைக்காக அன்று சாயங்காலமே மலை ஏறிய சாமியார் முதலில் அடக்கப் பூசை வைத்தார். சுப்பையா அண்ணாச்சி குழி வெட்டினார். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

மறுநாள் பொழுது சாயும்போது பஜனைக்காரர்கள் எங்கள் லைனுக்கு வந்தார்கள். வழக்கப்படி மதினியின் வாசலில் மத்தளத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தார்கள். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"பாடுங்க."

உபதேசியார் தயங்கினார். "நட்சத்திரம் கட்டாத வாசல்ல பாடுத வழக்கம் இல்லையே எமரன்சி."

"வழக்கத்த நான் நேத்தே ஆத்துல விட்டுட்டேன். பாடாமப் போனா அவுகளுக்குப் பிடிக்காது. சந்தியாகுக்குப் பிடிக்காது" என்று திருத்திச் சொன்னாள்.

எல்லோரும் சங்கிலியைப் பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் வரவில்லை. போக வேண்டிய இடத்துக்கு அது போய்விட்டது. அவர்கள் பாடினார்கள், பேச்சியம்மாவுக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு அடியின் கடைசியையும் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

சங்கிலி அன்றிரவுப் பனியில் நனைந்து சாயம் இறங்கியது. லைன் சுவர்களில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகக் கோடு வழிந்தது. ஜனவரியில் வருகிற மூன்று ராசாக்கள் திருநாளுக்கு எல்லா வீடுகளிலும் தோரணம் அவிழ்க்கையில் இதையும் அவிழ்த்து, வெந்நீர் அடுப்புக்குப் போட்டுக்கொண்டார்கள். காகிதம் நன்றாக எரிந்தது.

சில வருஷம் கழித்து எமரன்சி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ரெண்டு அடுப்புக்கு வெறகு எதுக்கு வீணா?" என்று குரல் வந்தது. அப்புறம் பேச்சியம்மா வந்து மீதியைப் பேசி முடித்தாள். கோயிலில் வாக்குக் கொடுக்கிற இடம் வந்தபோது உபதேசியார் முன்னெச்சரிக்கையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டார். எமரன்சி இருமவில்லை. "மதலைமுத்து" என்று அவள் என் பேரைச் சொன்ன சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் வெளியே பறந்தன.

அன்றிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். தராசடியில், கடையில், கோயில் வாசலில், துரைக்கு முன்னால், "மதலமுத்தூ!" என்று மலைக்கு மலை கேட்கும்படி கூப்பிடுவாள். பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னட்டி இது, ஆட்டுக்குட்டியக் கூப்புடுத மாதிரி? ஆயுசு குறையாதா?" என்று கேட்டாள் சுப்பையா அண்ணாச்சியின் சம்சாரம்.

"பேரச் சொல்லாமத்தான் ஒருத்தரு போனாரு" என்றாள் எமரன்சி. "இவர நான் சொல்லிப் பாக்கேன்."

அதன் பிறகு அண்ணாச்சியின் வீட்டுக்குள்ளிருந்தும் மெதுவாக ஒரு "சுப்பையா" கேட்க ஆரம்பித்தது; கதவு சாத்தியிருக்கும்போது மட்டும்.

எமரன்சி நான்கு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனியில், நெஞ்சுச் சளி முற்றிப் போனாள். அந்த டிசம்பரில் நான் பசை காய்ச்சினேன், மயில்துத்தம் போட்டேன், கீற்றுகளுக்குச் சாயம் ஏற்றி ஒரு முழம் ஒட்டி வைத்துவிட்டு, அவள் பேரைச் சொல்லிப் பார்த்தேன். நீளவில்லை. நியாயம்தான், அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், சமையற்கட்டு ஜன்னலைத் திறந்தால் கல்லறைத் தோட்டம் தெரிகிறது. மீதியைக் கையாலேயே ஒட்டினேன். இப்போதும் கையால்தான் ஒட்டுகிறேன். ஜெனோவா பொள்ளாச்சியிலிருந்து பிள்ளைகளோடு வரும்போது, "ஏன் சித்தப்பா இந்த வயசுல ஸ்டூல் மேல ஏறிக் கட்டுறீங்க" என்று சத்தம் போடுவாள்.

வருகிற தையில் எனக்கு எண்பத்தொரு வயது முடிகிறது. கண்ணாடி போடாமல் படிக்கிறேன். மேடு ஏறினால்தான் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.